யாருடைய உவமை? பாட்டியும் பேத்தியும் வரும் நாவலில் அணிமொழி வேலை செய்யும் விதம்

'இப்பாடலில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டுக' என்று பள்ளித் தேர்வில் கேட்டு இரண்டு மதிப்பெண் வைத்தார்கள். அந்தப் பழக்கம் பள்ளியோடு நிற்கவில்லை. நாவல் மதிப்புரை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் 'பக்கத்துக்குப் பக்கம் அழகான உவமைகள்' என்கிறார்கள். மீதிப்பேர் ஒரு படி மேலே போய் 'நாவல் முழுக்கக் குறியீடு' என்கிறார்கள். கதையை எழுதி முடித்த பிறகு மேலே சேர்க்கிற அலங்காரம்தான் அணி என்ற எண்ணம் இரண்டு கூற்றுக்கும் அடியில் இருக்கிறது.

குழந்தையும் பாட்டியும் முக்கியப் பாத்திரங்களாக வரும் நாவல்களை இந்த எண்ணம் ரொம்பவே கெடுத்துவிடும். குழந்தை ஏதாவது சொன்னால் 'என்ன அழகு' என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பாட்டி சொன்னால் 'அனுபவ ஞானம்' என்று அடிக்கோடு போடுகிறோம். இருவர் பேச்சுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் கவனிப்பதில்லை. அத்தகைய நாவல் பெரும்பாலும் ஓடுவதோ அந்த இடைவெளியில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நாவலை வைத்துக்கொள்வோம். தூவே யான்சன் 1972இல் சுவீடிஷ் மொழியில் எழுதியது. ஆங்கிலத்தில் 'தி சம்மர் புக்'. யான்சன் பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர், மூமின் என்ற சிறுவர் கதைகளால் உலகம் அறிந்தவர். பின்லாந்து வளைகுடாவில் ஒரு சின்னத் தீவு, சோஃபியா என்ற சிறுமி, அவளுடைய பாட்டி, பெரும்பாலும் வேலையில் மூழ்கியிருக்கும் அப்பா. 22 சிறு அத்தியாயங்கள். பெரிய கதைத் திருப்பம் எதுவும் கிடையாது. நம் பாடத்துக்கு அது வசதி.

தெருவில் பேசுவதிலிருந்து

'வெயில் மண்டையைப் பிளக்குது' என்று சொல்பவரைப் பார்த்து யாரும் கட்டுப்போடத் துணி தேடுவதில்லை. 'வயிறு எரியுது' என்றால் சில சமயம் அல்சர், பல சமயம் பொறாமை. 'ஊரே திரண்டு வந்துச்சு' என்றால் வந்தது ஊர் அல்ல, ஆட்கள். இப்படிச் சொல்லின் நேர்ப்பொருளை விட்டு வேறொன்றைக் காட்டச் சொல்லைக் கையாளுவதை இந்தக் கட்டுரையில் 'அணிமொழி' என்போம்.

நாம் தினமும் புழங்கும் அணிமொழியில் பெரும்பகுதி தேய்ந்துபோனது. ஊசிக்குக் காது, மேசைக்குக் கால், சீப்புக்குப் பல். ஒரு காலத்தில் ஒப்புமையாகச் சொன்னவை இன்று வெறும் பெயர்களாகிவிட்டன. இவற்றைத் 'தேய்ந்த உருவகம்' என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை வந்ததும் இவை மறுபடி உயிர்பெறும். அதைப் பிறகு பார்ப்போம்.

உவமை எதை எடுக்கிறது, எதை விடுகிறது

'பாட்டியின் உள்ளங்கை காய்ந்த பாக்குமட்டை மாதிரி இருந்தது' என்ற வாக்கியத்தில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. சொல்ல வந்த பொருள் உள்ளங்கை. இதை 'உவமேயம்' என்பார்கள். துணைக்குக் கூப்பிட்ட பொருள் பாக்குமட்டை, அது 'உவமானம்'. இரண்டுக்கும் பொதுவான சொரசொரப்பு 'பொதுத்தன்மை'. இரண்டையும் இணைக்கும் 'மாதிரி' என்ற சொல் 'உவம உருபு'. உருபை எடுத்துவிட்டு இதுவே அது என்று சொன்னால் 'உருவகம்'. மதிபோன்ற முகம் என்றால் உவமை, முகமாகிய மதி என்றால் உருவகம். வேண்டிய இலக்கணம் இவ்வளவுதான். பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகள் என்று 35 வகை சொல்கிறது. நாவல் படிக்க அத்தனையும் தேவைப்படாது.

உருபையும் அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. 'மாதிரி' எல்லா ஊருக்கும் பொது. 'அவனாட்டம்' என்றால் கொங்குப் பக்கம், 'அவன் கணக்கா' என்றால் தெற்கு. பாத்திரத்தின் ஊரை ஓர் உருபு காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உள்ளே நடப்பது. உவமை ஒரு சல்லடை. பாக்குமட்டையில் எவ்வளவோ இருக்கிறது: பழுப்பு நிறம், லேசான மணம், மரத்திலிருந்து உதிர்ந்து விழுந்தது என்ற செய்தி, குழந்தைகள் அதில் உட்கார்ந்து இழுத்து விளையாடுவது. பாட்டியின் கையைச் சொல்லும்போது சிலது மட்டும் இறங்குகிறது, மற்றது மேலேயே நின்றுவிடுகிறது. எது இறங்கும் என்பதை முடிவுசெய்வது சூழல். பாட்டி நலமாக இருக்கும் காட்சியில் சொரசொரப்பு மட்டும் இறங்கும். அவள் படுக்கையில் விழுந்த காட்சியில் அதே வாக்கியம் வந்தால் 'உதிர்ந்தது' என்பதும் சேர்ந்து இறங்கும். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

எதெல்லாம் பொதுத்தன்மையாக வரலாம் என்பதற்குத் தொல்காப்பியம் உவமவியலில் ஒரு பட்டியல் உண்டு: வினை, பயன், மெய், உரு. செயல், விளையும் நன்மை, வடிவம், நிறம். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். துடி (உடுக்கை) போன்ற இடை மெய். பவழம் போன்ற வாய் உரு. ஒரு நாவலில் குறிப்பிட்ட பாத்திரம் இந்த நான்கில் எதை அதிகம் எடுக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். சின்னக் குழந்தையின் ஒப்புமைகளை எழுதும்போது வடிவமும் நிறமும்தான் முதலில் வரவேண்டும். பயன் தெரிய வாழ்ந்திருக்க வேண்டும். அது பாட்டியின் கணக்கு.

சுருக்கமாக: உவமை ஒரு பொருளின் சில பண்புகளைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றின் மேல் வைக்கிறது, மற்றவற்றை மறைக்கிறது. தேர்வை முடிவுசெய்வது சூழலும், சொல்கிற ஆளும்.

சொல்கிற ஆள் யார்?

கட்டுரையின் மையம் இந்தக் கேள்விதான். இதற்கும் தொல்காப்பியத்தில் விடை கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உவமவியலில், அகப்பாடலில் யார் எப்படி உவமை சொல்லலாம் என்று வரும் பகுதியில் 'கிழவி சொல்லின் அவளறி கிளவி' என்று ஒரு நூற்பா. இங்கே கிழவி என்பது தலைவி, வயதானவள் அல்ல. தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தோழி தன் நிலத்தைத் தாண்டிப் போய் உவமை தேடக் கூடாது. தலைவன் தன் அறிவின் வலிமை தெரியச் சொல்லலாம். பாத்திரத்தின் பார்வைக்கோணம் என்று இன்று கதைப் பயிலரங்குகளில் பேசுவதன் ஒரு பகுதி இதில் அடங்கிவிட்டது.

நாவலில் மூன்று வாய்கள் உண்டு: குழந்தை, பாட்டி, கதைசொல்லி. கதையைச் சொல்லும் குரலைத்தான் 'கதைசொல்லி' என்கிறோம். எழுத்தாளரும் கதைசொல்லியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உவமை வந்தால் முதலில் அது மூவரில் யார் கணக்கில் வருகிறது என்று பாருங்கள். அணியின் பெயர் அப்புறம்.

குழந்தையின் பக்கம்

குழந்தையின் பேச்சில் அணிமொழி போலத் தெரிபவை மூன்று வகை. இவற்றைக் குழப்பினால்தான் 'என்ன அழகு' என்ற ஒற்றை வியப்பில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

முதல் வகை உண்மையான ஒப்புமை. கையில் இருக்கிற சில பொருள்களை வைத்துத் தெரியாத ஒன்றை அளப்பது. ஆறு வயதுப் பிள்ளையின் சரக்கு கொஞ்சம்தான்: வீடு, தின்பண்டம், விலங்கு, பள்ளி, தன் உடம்பு.

இரண்டாவது, தேய்ந்த உருவகத்தை நேர்ப்பொருளில் எடுப்பது. 'ஊசிக்குக் காது கேக்குமா பாட்டி?' என்ற கேள்வியில் குழந்தை அணிமொழி எதுவும் பேசவில்லை. பெரியவர்கள் மறந்துபோன அணிமொழியைத் தட்டி எழுப்புகிறது. அணி இருப்பது கேட்கப்பட்ட சொல்லில், கேட்டவளிடம் இல்லை.

மூன்றாவதை வாசகர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்: நமக்கு உருவகமாகத் தெரிவது குழந்தைக்கு நடந்த செய்தியாக இருப்பது. யான்சனின் நாவலில் ஓர் அத்தியாயத்தில், சலித்துப்போன சோஃபியா ஏதாவது நடக்கட்டும் என்று கடவுளிடம் வேண்டுகிறாள். பெரும்புயல் வருகிறது. புயல் அவளுடைய மனக்கொந்தளிப்பின் உருவகம் என்று மதிப்புரையில் எழுதிவிடலாம். எழுதினால் காட்சி செத்துவிடும். சோஃபியாவுக்கு இதில் எந்த உருவகமும் இல்லை. தான் கேட்டாள், புயல் வந்தது, சேதத்துக்குத் தானே காரணம் என்று பயப்படுகிறாள். பாட்டியும் 'அது தற்செயல், குழந்தாய்' என்று விளக்கவில்லை. புயல் வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டது தான் என்று சொல்லிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். குழந்தையின் நம்பிக்கைக்குள்ளேயே புகுந்து, அதன் விதிப்படியே ஆறுதல் சொல்கிறாள். புயலை வெறும் உருவகமாகப் படித்த வாசகருக்குப் பாட்டி செய்த காரியம் கண்ணில் படாது.

பாட்டியின் பக்கம்

பாட்டிகளின் பேச்சில் புதிய உவமையைவிடப் பழகிய வடிவங்கள் அதிகம்: பழமொழி, சொலவடை, சுற்றிவளைத்துச் சொல்லும் முறை. கடைசி வகைக்கு நன்னூலில் பெயர்கள் உண்டு. வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது 'இடக்கரடக்கல்'. அமங்கலத்தை மங்கலமான சொல்லால் சொல்வது 'மங்கலம்'. செத்தாரைத் துஞ்சினார் என்பது அந்த வகை. இன்றைய வீடுகளில் 'தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு'.

இந்த இரண்டு பக்கங்களும் மோதும் இடத்தைப் பாருங்கள். பாட்டி 'சாமிகிட்ட போயிட்டாரு' என்கிறாள். பேத்தி 'எப்ப வருவாரு?' என்கிறாள். பாட்டிக்கு அது மூடி வைக்கும் சொல். பேத்திக்கு அது பயணச் செய்தி. போனவர் திரும்பவும் வேண்டும். பாட்டி இனி பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூடியைத் திறக்க வேண்டும். ஒரே ஓர் அணிமொழி கதையை நகர்த்திவிட்டது. அதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

யான்சன் இதற்கு நேரெதிரான வழியைப் பிடிக்கிறார். சோஃபியாவின் அம்மா இறந்துவிட்டாள் என்ற செய்தி ஒரே வாக்கியத்தில், அதுவும் ஒரு துணைத் தகவலாக வருகிறது: கடல் உறைந்து கிடக்கும் ஏப்ரல் இரவில் சிறுமி விழிக்கிறாள், தீவுக்குத் திரும்பிவந்தது நினைவுக்கு வருகிறது, அம்மா செத்துப்போனதால் தனக்குத் தனிப் படுக்கை கிடைத்திருப்பதும் நினைவுக்கு வருகிறது. உவமை இல்லை, மங்கல வழக்கு இல்லை, கண்ணீரும் இல்லை. சாவைக் குழந்தை படுக்கையின் அளவில் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. அடுத்து நிலவு, பனி, அடுப்பில் எரியும் தீ, திறந்து கிடக்கும் பெட்டிகள் என்று காட்சி பொருள்களுக்குப் போய்விடுகிறது. சொல்லாமல் விட்ட துக்கம் முழுவதையும் இனி அந்தப் பொருள்கள்தான் சுமக்க வேண்டும்.

இதுவரை வந்தது: குழந்தை சொல்லை நேராக எடுக்கிறது, பாட்டி வளைத்துப் பேசுகிறாள், அல்லது எழுத்தாளர் வேண்டுமென்றே வளைக்காமல் விடுகிறார். அணி எங்கே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சொல்லாத உவமை

உவமேயத்தைச் சொல்லாமல் உவமானத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதியை வாசகரே முடித்துக்கொள்ள விடுவது 'உள்ளுறை உவமம்'. சங்கப் பாடல்களில் இது பெரிய சொத்து. அகநானூறு 46இல், அள்ளூர் நன்முல்லையார் பாடலில், ஓர் எருமை சேற்றுத் தொழுவை வெறுத்துக் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு, கொம்பால் முள்வேலியை விலக்கி, வயலில் இறங்கி மீன்கள் சிதற, வள்ளைக் கொடியை உழப்பித் தாமரையை மேய்கிறது. இப்படிப்பட்ட ஊரின் தலைவனே என்று விளிக்கிறாள் தோழி. வீட்டை விட்டுப் பரத்தையிடம் போனவனைப் பற்றி எருமை வரிகளில் ஒரு சொல்கூடக் கிடையாது. அவனுக்கு உறைத்திருக்கும்.

நவீன நாவலில் 'குறியீடு' என்று சொல்வது இதற்கு நெருங்கிய உறவு: கதைக்குள் உண்மையாகவே இருக்கும் ஒரு பொருள், தன்னைத் தாண்டி இன்னொன்றையும் காட்டுவது. உள்ளுறையில் உறுப்புக்கு உறுப்பு பொருத்தம் சொல்ல முடியும்: தொழு வீடு, தாமரை பரத்தை. குறியீட்டில் பொருத்தம் தளர்வாக இருக்கும்.

சோஃபியாவின் மண்புழுவுக்கு வருவோம். மண்வெட்டி பட்டு ஒரு மண்புழு இரண்டாகிவிடுகிறது. சிறுமி பதறிப்போகிறாள். பிறகு மண்புழுக்களைப் பற்றி ஓர் ஆய்வு நூலையே சொல்லச் சொல்ல, பாட்டி எழுதுகிறாள். இரண்டாய்ப் பிரிந்தால் ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக வளர வேண்டியிருக்கும் என்பது புழுவுக்குத் தெரியுமா, அதற்கு எவ்வளவு வலிக்கும் என்பது ஆய்வின் கவலை. (உயிரியல்படி இரண்டு பாதியும் பிழைக்காது, தலைப்பக்கம் போதிய நீளம் இருந்தால் வால் மீண்டும் வளரலாம், வால்பக்கம் இறந்துவிடும். சோஃபியாவின் அறிவியல் நமக்கு முக்கியமில்லை.) அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பாதி அறுந்துபோன பின் எப்படி வாழ்வது என்பதை இந்த நாவலில் கேட்க யாருக்கு உரிமை அதிகம்? புழுவைப் பற்றிப் பேசுவதால்தான் அவளால் அதைக் கேட்க முடிகிறது. 'எனக்கு வலிக்கிறது' என்று அவள் சொல்லியிருந்தால் பாட்டி சமாதானம் சொல்லியிருப்பாள். புழுவுக்கு வலிக்கிறது என்றதால் பாட்டி பேனாவை எடுக்கிறாள்.

இன்னோர் அத்தியாயத்தில் இருவரும் சதுப்பு நீரில் வெனிஸ் நகரம் கட்டி விளையாடுகிறார்கள். பாட்டி பால்சா என்ற லேசான மரத்தில் ஓர் அரண்மனை செதுக்குகிறாள். வெனிஸ் மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கும் நகரம் என்பது சிறுமிக்குத் தெரியவருகிறது. இரவு மழையில் அரண்மனை போய்விடுகிறது. பாட்டி தூங்காமல் உட்கார்ந்து இன்னொன்று செய்கிறாள். போனதைக் கொண்டுவர முடியாது, அதுபோல ஒன்றைச் செய்து வைக்க முடியும் என்பதுதான் பாட்டியின் நிலை. அந்த வீட்டில் அவள் இருக்கும் இடமே அதுதானே.

எல்லாமே குறியீடா?

இல்லை. ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்லும் முன் மூன்றைச் சரிபாருங்கள். அது கதைக்குள் முதலில் வெறும் பொருளாகவே வேலை செய்கிறதா? கதை நகரத் தேவைப்படும் அளவைவிட அதிக நேரம் அதன் மேல் செலவாகிறதா? கதையில் பேசப்படாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றை அது தொடுகிறதா? மண்புழுவும் வெனிஸும் மூன்றிலும் தேறுகின்றன.

பாசி அப்படி அல்ல. அதே நாவலில் தீவின் பாசியைப் பற்றி ஒரு விதி வருகிறது: ஒருமுறை மிதித்தால் அடுத்த மழையில் எழும், இரண்டாம் முறை எழாது, மூன்றாம் முறை செத்துவிடும். மேற்கோள் பிரியர்களுக்குப் பிடித்த இடம். பாசி குழந்தை மனம் என்று எழுதிவிடுவார்கள். பொருத்தம் இருக்கலாம். ஆனால் மெல்லிய மண்போர்வை உள்ள பாறைத் தீவில் எங்கே கால் வைப்பது என்ற அறிவு அது. அங்கே வாழ்கிறவர் அறிந்திருக்க வேண்டியது, விருந்தாளிக்குத் தெரியாதது. நேர்ப்பொருளே அவ்வளவு வளமாக இருக்கும்போது குறியீட்டை அவசரப்பட்டுத் திணிக்க வேண்டாம்.

கதைசொல்லியின் குரலில் வரும் அணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். நாவலின் கடைசியில் பாட்டிக்கு மீன்பிடிப் படகின் இயந்திர ஓசை கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அது தன் இதயத் துடிப்பு என்று புரிகிறது. 'இதயம் படகு இயந்திரம் போல் துடித்தது' என்று எழுதியிருந்தால் சாதாரண வினையுவமை. யான்சன் உவமையைச் சொல்லவே இல்லை. பாத்திரத்தைத் தவறாகக் கேட்க வைக்கிறார். ஒன்றை மற்றொன்றாக மயங்குவதைப் பழைய அணி இலக்கணம் 'மயக்க அணி' என்கிறது. இங்கே அந்த மயக்கத்துக்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கிறது, ஏனென்றால் கேட்பது ஒரு முதியவளின் காது.

எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பெரிய சறுக்கல், குழந்தையின் வாயில் எழுத்தாளரின் நூலகம் நுழைவது. 'பாட்டியின் சுருக்கங்கள் பழைய வரைபடத்தின் நதிகளைப் போலிருந்தன' என்று ஆறு வயதுக்காரி நினைக்க மாட்டாள். 'பாட்டி கன்னம் ரொம்ப நேரம் தண்ணியில ஊறின விரல் மாதிரி இருந்துச்சு' என்றால் அதே சுருக்கம்தான். ஆனால் அவள் குளித்தபோது தன் உடம்பில் பார்த்தது. குழந்தையின் உவமையைச் சரிபார்க்க ஒரே கேள்வி போதும்: அந்தப் பொருளை இந்தப் பிள்ளை எங்கே, எப்போது பார்த்தது? பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

அடுத்தது பழமொழிப் பெட்டியாகிவிடும் பாட்டி. எண்பது வயதானவளும் எரிச்சல்படுவாள், பொய் சொல்வாள், ஏமாற்றி விளையாடுவாள். ஒரு காட்சிக்கு ஒரு பழமொழிக்கு மேல் போனால் அவள் பேசவில்லை, நீங்கள் பேச வைக்கிறீர்கள். அந்த ஒரு பழமொழியும் இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவதைவிட, கொஞ்சம் பிசகி, பேத்தி குறுக்கே கேள்வி கேட்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே பொருளுக்கு இரண்டு உவமை அடுக்குவதும் கெடுதல். கை பாக்குமட்டை போலவும் பழுத்த இலை போலவும் இருந்தது என்றால் முதலாவது சொரசொரப்பைத் தருகிறது, இரண்டாவது மென்மையைத் தருகிறது. வாசகர் கையில் எதுவும் மிஞ்சாது. எது அந்தக் காட்சிக்குத் தேவையோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

உள்ளுறையை எழுதிவிட்டுப் பயந்துபோய் விளக்குவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கிறது. மண்புழுக் காட்சியின் முடிவில் 'அந்தப் புழுவைப் போலவே அவளும் இரண்டாகிப் போயிருந்தாள்' என்று ஒரு வரி. கைப்பிரதியைத் திருத்தும்போது அத்தியாயங்களின் கடைசி வரிகளை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். இத்தகைய வரிகள் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 'போலவே' என்ற சொல் கண்ணில் பட்டால் முழு வரியையும் நீக்கிவிட்டு, முந்தைய வரியில் அத்தியாயம் நிற்கிறதா என்று பார்க்கலாம். நிற்கவில்லையென்றால் கோளாறு கடைசி வரியில் இல்லை. புழு வெட்டுப்படும் இடத்தில் போதுமான நேரம் செலவாகவில்லை. அங்கே போய் எழுத வேண்டும்.